கொடையும் உடைமையும்: மட்டக்களப்பு வாவிக்கரை ஊரகமும் குடும்ப நிதியங்களும் — ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழிலக்கியத்தின் நெடிய வரலாற்றிலே கொடையைப் போன்று இடையறாது பேசப்பட்டு வந்த பொருள் பிறிதொன்று உண்டோ என்பது ஐயத்துக்குரியதே. வறுமையுற்ற பாணனைப் புரவலன்பால் வழிப்படுத்தும் ஆற்றுப்படை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. அவ்விலக்கியங்களில் இரவலனது பசியும் கந்தற் துணியும் விரித்துரைக்கப்படும். வள்ளலது முற்றமும் விருந்தும் அதனினும் விரித்துரைக்கப்படும். ஆயின் ஒருவன் இரவலனாகவும் மற்றவன் புரவலனாகவும் நிற்க நேர்ந்தது எவ்வாறு என்ற வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. கொடையைப் பாடும் இலக்கியம் உடைமையைக் கேள்விக்குட்படுத்துவதில்லை.

திருக்குறளிலே 'ஒப்புரவறிதல்' ஓர் அதிகாரமாகவும் 'ஈகை' மற்றோர் அதிகாரமாகவும் வேறுபடுத்தி வைக்கப்பட்டிருப்பது ஈண்டு நோக்கற்பாலது. முன்னையது ஊருணியையும் ஊர்நடுவே பழுத்த மரத்தையும் உவமையாகக் கொள்கிறது. பின்னையது வறியோன் ஒருவனுக்கு ஈவதைப் பேசுகிறது. ஊருணி நீரை எடுப்பவன் எவருக்கும் நன்றிக்கடன் பட்டவனல்லன். ஈகை பெறுபவனோ கடன்பட்டவன் ஆகிறான். பொதுவுடைமையின் எச்சமாக நிற்கும் பகிர்வுக்கும், தனியுடைமையின் விளைவாக எழும் கொடைக்கும் உள்ள வேறுபாடு இதுவே எனலாம்.

இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு ஒரு குறித்த வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பெருஞ்செல்வக் குடும்பங்களின் பணத்தால் நிறுவப்பட்டுப் பிறநாட்டு ஊரக வறியோருக்கு உதவும் நிதியங்கள் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான நிறுவனங்களுள் ஒன்றாயின. அவற்றின் கொடை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த கிராமங்களை எவ்வழியால் வந்தடைந்தது, அங்கு நிலவிய உற்பத்தி உறவுகளோடு அது எவ்வாறு இணைந்தது, எதனை மாற்றியது, எதனை மாற்றாது விட்டது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

2

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பகுதி எழுவான்கரை. மேற்கே வயல்களும் காடுகளும் பரந்த பகுதி படுவான்கரை. இவை திசைப்பெயர்கள் மட்டுமல்ல. சமூகப் பிரிவினையைச் சுட்டும் பெயர்களுமாம். பாடசாலைகளும் மருத்துவமனைகளும் கச்சேரியும் கடைத்தெருக்களும் பெரும்பாலும் எழுவான்கரையிலே அமைய, அவற்றைத் தாங்கிய நெல் பெருமளவு படுவான்கரையிலே விளைந்தது.

இப்பிரதேசத்தின் மரபுவழிக் கொடையாளர் போடியார் ஆவர். பரந்த வயல்நிலங்களின் உடைமையாளரான இவர்கள் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் காணப்பட்டனர். நிலம் போடியாருடையது, அதனைப் பொறுப்பேற்றுச் செய்தவர்கள் முல்லைக்காரரும் வயற்காரரும். விதைநெல், எருமை, விளையும் வரைக்குமான உணவு ஆகியவற்றைப் போடியார் முற்பணமாகக் கொடுத்து, களவெட்டியிலே சூடு மிதித்து முடிந்ததும் தமது பங்கோடு அம்முற்பணத்தையும் அளந்து எடுத்துக்கொண்டார். அதே களவெட்டியிலேதான் வண்ணார், பறையறைவோர், கொல்லர் முதலியோருக்குரிய பங்கும், இரந்து நின்றோருக்கான நெல்லும் அளக்கப்பட்டன. விளைச்சல் அனைவரது உழைப்பினாலும் ஆயது. ஆயின் அது போடியாரின் கையால் அளக்கப்பட்டபோது கொடையெனத் தோற்றம் பெற்றது.

கோயில்கள் இத்தோற்றத்துக்குப் புனிதமளித்தன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர், மண்டூர் முருகன் முதலிய பெருங்கோயில்களிலே குடிகளின் உரிமைகளும் வரிசைகளும் நிலவுடைமை ஒழுங்கோடு பிணைந்து நின்றன. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'மும், வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழக'மும் இவ்வொழுங்கை அறிய உதவும் நூல்கள். இவ்வமைப்பை வெறும் ஏமாற்றென ஒதுக்குதல் பொருந்தாது. பஞ்ச காலத்தில் வயற்காரன் கதவைத் தட்டத்தக்க ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு மறுக்க இயலாத ஒரு கடப்பாடும் இருந்தது. இருவரும் ஒரே ஊரினர். கொடுப்பவரை நேரில் ஏசவும், கூத்திலே பகடியாக்கவும் பெறுபவனுக்கு இடமிருந்தது. பின்னர் வந்த கொடையாளரிடத்து இவ்வுறவு இல்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

3

கடல்கடந்த கொடை இங்கு முதலில் மதத்தின் வழியாகவே வந்தது. 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிசனரிமாருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார், மறுவருடமே இறந்துபோனார். அவர் தொடக்கிவைத்த கல்விப்பணி நிலைத்தது. அடுத்து, கத்தோலிக்கத் துறவிகளும், இருபதாம் நூற்றாண்டிலே விபுலாநந்த அடிகளை முன்னிறுத்திய இராமகிருஷ்ண மிசனும் பாடசாலைகளை நடத்தினர். இவை கற்றோர் வகுப்பொன்றை உருவாக்கின. வயலின் உடைமையுறவை இவை தொடவில்லை. தொடுவது அவற்றின் நோக்கமுமன்று.

மதம் சாராத, ஒரு குடும்பத்தின் பெயரையே தாங்கிய கொடை நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றியது. ஸ்ராண்டட் எண்ணெய்க் கம்பனியின் ஏகபோகத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1911இல் உடைத்தது. அதன் அதிபரான ஜோன் டி. ரொக்பெல்லரின் பெயரிலான நிதியம் 1913இல் நியூயோர்க் மாநிலச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்டது. மறுவருடம், 1914 ஏப்பிரல் 20ஆந் தேதி, அக்குடும்பம் பெரும்பங்கு வைத்திருந்த கொலராடோச் சுரங்கக் கம்பனியின் வேலைநிறுத்தக்காரர் தங்கியிருந்த லட்லோ கூடார முகாம் தாக்கி எரிக்கப்பட்டது. இருபது பேரளவில் இறந்தனர். கூடாரத்தின் கீழ் வெட்டிய குழியிலே ஒளிந்து மூச்சுத்திணறி மாண்ட 11 சிறுவரும் அவர்களுள் அடங்குவர். அந்நாட்டுப் பேரவை அமைத்த தொழில் உறவுகள் ஆணைக்குழுவின் அறிக்கை, தொழிற்றுறையில் ஒரு சிலர் பெற்ற ஆதிக்கம் இத்தகைய நிதியங்களின் வழியாகக் கல்விக்கும் சமூகசேவைக்கும் விரிகின்றது என எச்சரித்தது. நிதியங்கள் பற்றிய முதல் விமரிசனம் பொதுவுடைமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை என்பது இதனாற் புலனாகும்.

போட் நிதியத்தின் தோற்றமும் இவ்வாறே தெளிவுதருவது. 1935இல் ஐக்கிய அமெரிக்கா பெருஞ்சொத்துகள் மீதான மரண வரியை உயர்த்தியது. 1936இல் போட் குடும்பம் தனது நிதியத்தை நிறுவியது. கம்பனியின் வாக்குரிமையற்ற பங்குகள் நிதியத்துக்குச் சென்றன. வாக்குரிமை கொண்ட பங்குகள் குடும்பத்திடம் தங்கின. வருமானம் அறத்துக்கு, அதிகாரம் குடும்பத்துக்கு என்ற இப்பங்கீடு கொடைக்கும் உடைமைக்கும் உள்ள உறவை எந்தக் கோட்பாட்டு நூலினும் தெளிவாக விளக்குகின்றது.

4

ரொக்பெல்லர் பணம் இலங்கைக்கு வந்தது 1916இல். கொழுக்கிப்புழு நோய்க்கெதிரான இயக்கமாக அது மலையகத் தோட்டங்களிலே தொடங்கியது. வெறுங்காலோடு உழைத்த இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரின் குருதியை உறிஞ்சிய அப்புழுவுக்கு மருந்து வழங்கப்பட்டது. ஆயின் மலசலகூடங்கள் கட்டப்படாதவிடத்து நோய் மீளத் தொற்றியது. அவற்றைக் கட்டுவதற்குத் தோட்ட உடைமையாளர் தயங்கினர். இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்த சோம ஹேவா, இம்மருத்துவம் தோட்டப் பொருளாதாரத்தின் தேவைகளோடு பிணைந்திருந்தவாற்றைக் காட்டியுள்ளார். கொடையின் எல்லை ஈண்டு தெளிவாகிறது: தொழிலாளியின் உடலுக்குள் இருந்த புழுவை அகற்ற அதனால் இயன்றது, அவன் வாழ்ந்த லயத்தை மாற்ற இயலவில்லை. எனினும் மருந்து உண்டவர் நலம்பெற்றனர் என்பதும், 1926இல் களுத்துறையில் நிதியத்தின் துணையோடு தொடங்கிய சுகாதார அலகு இந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவைக்கு முன்மாதிரியாயிற்று என்பதும் மறைக்கத்தக்கனவல்ல. அரசு பொறுப்பேற்றபோது கொடை உரிமையாக மாறியது. அம்மாற்றமே முக்கியமானது.

இதற்கு மாறான ஒரு மரபும் இந்நாட்டில் உண்டு. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களிலே மருந்தும் உணவும் வழங்கினர். அவ்விளைஞர்களே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். மருந்து கொடுத்த அதே கைகள், நோய் ஏன் வறியோரையே கொல்கின்றது என்ற வினாவையும் எழுப்பின.

வாவிக்கரைக்கு நிதியங்களின் கொடை விதையாக வந்தது. 1960இல் போட், ரொக்பெல்லர் நிதியங்கள் இணைந்து பிலிப்பைன்சின் லொஸ் பானொஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தன. 1966இல் அது வெளியிட்ட ஐஆர் 8 என்னும் நெல்லினம் இந்தோனேசியாவின் 'பெற்றா'வையும் தாய்வானின் குறுந்தண்டு நெல் ஒன்றையும் கலந்து பெறப்பட்டது. இந்நெல்லினங்கள் ஆசிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பேணியவை. அவை கொடை என்று பதிவாகவில்லை. நிதியத்தின் பணமே கொடையெனப் பதிவாயிற்று. இலங்கையிலும் அரச ஆய்வாளர் முருங்கைக்காயன் என்ற உள்நாட்டு நெல்லைப் பயன்படுத்தி 1958இலேயே எச் 4 இனத்தை வெளியிட்டிருந்தனர். 1970இல் பி.ஜி. 11-11 முதலியன தொடர்ந்தன. ஐஆர் 8இன் குறுந்தண்டுப் பண்பும் பின்வந்த உள்நாட்டு ஆக்கங்கள் சிலவற்றுக்குப் பயன்பட்டது.

புதிய நெல் கூடுதலாக விளைந்தது. மக்களின் பசியைத் தணித்த அச்சாதனையைக் குறைத்து மதிப்பிடல் பொறுப்பற்ற செயலாகும். ஆனால் அது தனியே வரவில்லை. பசளை, கிருமிநாசினி, உழவு இயந்திரம், வங்கிக் கடன் ஆகியவற்றைத் துணைக்கொண்டு வந்தது. அவற்றை வாங்க வல்லவர் எவரோ அவரே முதலில் பயன்பெற்றார். முன்னர் விதைநெல்லும் எருமையும் முற்பணமாகக் கொடுத்த போடியாரின் இடத்தில் உழவு இயந்திர உடைமையாளரும் பசளைக் கடைக்காரரும் அரிசி ஆலைக்காரரும் வந்தமர்ந்தனர். களவெட்டியில் எருமை மறைந்தது. சூடு மிதிக்கும் இராக்களில் பொலிப்பாட்டு மறைந்தது. களத்துக்கென்றே வழங்கிய குழூஉக்குறிச் சொற்களும் வழக்கொழிந்தன. இலக்கிய மாணவர் இச்சொற்களின் இழப்புக்கு வருந்துவர். அவற்றோடு களத்திலே கையேந்தி நிற்கும் அவமானமும் குறைந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயின் களத்திலே பங்கு கேட்கும் வழக்காற்றுரிமையும் உடன் மறைந்தது.

இப்புதிய உழவு எவ்வளவு பிறசார்புடையது என்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விதைத்த பெரும்போக விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. பழைய விதையும் இல்லை, புதிய விதைக்கான பசளையும் இல்லை என்ற நிலையில் விவசாயி கைவிடப்பட்டான்.

5

நிதியங்களின் செல்வத்துக்கு மூலமான எண்ணெய் இந்நாட்டு வரலாற்றிலே மற்றொரு முறையும் தலைகாட்டியது. படுவான்கரைக் குடிசைகளின் குப்பிவிளக்கில் எரிந்த மண்ணெண்ணெய் அந்நிய எண்ணெய்க் கம்பனிகள் வழங்கியதே. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, 1962இல் ஷெல், எஸ்ஸோ, கல்ரெக்ஸ் கம்பனிகளின் உடைமைகள் பல அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. இவற்றுள் எஸ்ஸோ பழைய ஸ்ராண்டட் எண்ணெய்க் கம்பனியின் வழித்தோன்றல். இழப்பீடு செலுத்தப்படவில்லை எனக் காரணங்காட்டி 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறி இழப்பீடு உடன்பட்ட பின்னரே உதவி மீண்டது. நிதியங்களின் கொடையும் அரசின் உதவியும் சட்டப்படி வெவ்வேறானவை. இதனை நாம் குழப்பவில்லை. எனினும் உடைமை தீண்டப்படாதவரையே கொடுக்கும் கை நீளும் என்ற உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று தேடுதல் வேண்டா.

உள்நாட்டு வரலாறும் இதனையே கூறுகிறது. பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் 1958இல் நிறைவேறிய நெற்காணிச் சட்டம், குத்தகை விவசாயிக்கு நிலத்தில் உறுதியான உரிமையையும் வாரத்துக்கு ஒரு மேலெல்லையையும் வழங்க முற்பட்டது. அது கொடையன்று, உரிமை. ஆகவே அது எதிர்க்கப்பட்டது. அமைச்சரவைக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பினால் அவர் 1959இல் அரசிலிருந்து விலகினார். நாட்டின் பல பாகங்களிலே சட்டம் வருமுன்னரும் வந்தபின்னரும் குத்தகையாளர் வெளியேற்றப்பட்டனர். கோயிலுக்கும் ஏழைக்கும் மனமுவந்து கொடுத்த நிலவுடைமையாளர் எங்கும், சட்டம் கேட்ட பங்கைக் கொடுக்க மறுத்தனர்.

1977 வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த தமிழரைக் 'காந்தியம்' இயக்கம் வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களிலே குடியேற்றியது. கட்டடக்கலைஞரான எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அதன் முன்னோடிகள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் அதற்கு உதவின. கிணறும் பாலர் பாடசாலையும் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. நிலமற்றோரை நிலத்தில் இருத்தியமையே உறுத்தியது. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, செப்டெம்பர் 23ஆந் தேதி நிகழ்ந்த சிறையுடைப்பில் வெளியேறினார். அறப்பணி நிலப்பிரச்சினையைத் தொடும்போது அதற்கு நேர்வது யாது என்பதற்கு இவ்வரலாறு சாட்சி.

6

இயற்கை அழிவுகள் கொடையின் மூன்றாவது காலகட்டத்தைத் திறந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளி வாவிக்கரைத் தென்னைகளையும் வீடுகளையும் ஒருசேர வீழ்த்தியது. 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி, திருச்செந்தூர்ப் பகுதிகளை அழித்தது. அதன்பின்னர் உலகெங்கும் திரண்ட நிதி ஏறத்தாழ 1,350 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது. அதனுள் அரசுகளின் பணமும், குடும்ப நிதியங்களின் பணமும், பெயரறியாப் பல இலட்சம் எளிய மக்களின் பணமும் இருந்தன. அவ்வெளிய மக்களின் பரிவு தூயது. அதனை எள்ளுவது எம் நோக்கமன்று.

ஆயின் அப்பணம் எவ்வாறு பாய்ந்தது? அலை எழுவான்கரையைத் தாக்கியது. போர் படுவான்கரையைத் தாக்கியிருந்தது. அலைக்கு வீடிழந்தவர் கொடைக்கு உரியவராயினர். பத்தாண்டுகளுக்கு முன் குண்டுக்கு வீடிழந்தவர் அவ்வாறு ஆகவில்லை. வாவியின் ஒரு கரையில் புதிய கல்வீடுகள் எழ, மறுகரையில் ஓலைக்குடிசைகள் தொடர்ந்தன. வடக்குக் கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றர் வரையான தடைவலயம் மீனவரைக் கரையிலிருந்து அகற்ற முற்பட்டது. உதவியைப் பகிர அரசும் விடுதலைப் புலிகளும் 2005 யூனில் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பு உடன்பாட்டின் முக்கிய பகுதிகள் யூலையிலே உயர்நீதிமன்றத் தடைக்குள்ளாயின. 2007இல் படுவான்கரை மக்கள் போரினாற் கூட்டங்கூட்டமாக வாவியைக் கடந்து அகதிகளாயினர். மண்முனைத் துறையிலே பாலம் அமைந்தது 2014இற்றான். அதுவும் யப்பானிய உதவியால்.

இக்காலகட்டம் ஒரு புதிய எழுத்து வகையையும் தோற்றுவித்தது: திட்ட முன்மொழிவு. தொலைவிலுள்ள நிதியத்துக்குத் தம் ஊரின் வறுமையை உரிய படிவத்திலே, உரிய சொற்களிலே எழுதிக்காட்டக் கற்ற இளைஞர் கூட்டமொன்று உருவாயிற்று. ஆற்றுப்படையின் மரபு மறுபிறவி எடுத்தது எனலாம். பழைய பாணன் தன் வறுமையைத் தானே பாடினான். புதிய ஆற்றுப்படையிலே வறியோன் பேசுவதில்லை, அவனைப் பற்றிப் பேசப்படுகிறது. போடியாரைப் பகடிசெய்த கூத்துக்கலைஞன், தான் காணாத நிதியத்தை எவ்வாறு பகடிசெய்வான்?

கொடை வற்றியபோது கடன் வந்தது. போர் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் கிராமங்களுள் நுழைந்தன. கடன்பட்ட பெண்களின் அவலம் முற்றியதால், வறட்சி தாக்கிய மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முன்வர நேர்ந்தது. மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. 'வலுவூட்டல்' என்ற சொல்லோடு தொடங்கியது வட்டிக்காரன் வாசலில் வந்து முடிந்தது.

7

எனின் வெளியுதவி முழுவதும் தள்ளத்தக்கதோ? அவ்வாறு கூறுதல் இயங்கியல் நோக்காகாது. ஓர் எதிர்ச்சான்றை இங்கு கூறுதல் தகும். பட்டிப்பளையாற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இனக்குடியேற்றத்தின் கசப்பான வரலாற்றையும் 1956 வன்செயலையும் உடன்கொண்டது. அதன் இடதுகரைக் கால்வாயின் தலைப்பில் சிங்கள விவசாயிகளும் கடையிலே தமிழ்பேசும் விவசாயிகளும் இருந்தனர். 1980களின் தொடக்கத்தில், அமெரிக்க உதவிப் பணத்தில், கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் அங்கு விவசாயிகளின் நீர்ப்பகிர்வுக் குழுக்களை ஊக்குவித்தன. 1981இல், குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த நிலையிலும், தலைப்பு விவசாயிகள் நீரைச் சேமித்துக் கடையிலுள்ளோருக்கு விட்டனர். பணம் வெளியிலிருந்து வந்தது; முடிவு வாய்க்கால் வரம்பிலே எடுக்கப்பட்டது. அங்குப் பகிரப்பட்ட நீர் எவரது கொடையுமன்று. அது ஊருணி.

எனவே நாம் எழுப்பவேண்டிய வினா, கொடுத்தவர் நல்லவரா தீயவரா என்பதன்று. தனிமனிதரின் இரக்கம் உண்மையானதாகவே இருக்கலாம். கொடுப்பதன் அளவையும் திசையையும் காலத்தையும் முடிவுசெய்யும் அதிகாரம் எவரிடம் உள்ளது. நிலம், நீர், விதை, கடன் ஆகியவற்றின் உடைமையுறவு கொடையின் பின் மாறியதா என்பனவே வரலாற்று வினாக்கள். இவ்வளவுகோலின்படி, களுத்துறைச் சுகாதார அலகும் கல்லோயா நீர்க்குழுக்களும் ஒரு பக்கமும், வாவிக்கரையின் அலைக்காலத் திட்டங்களுட் பல மறுபக்கமும் நிற்கும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரன் கதையை இங்கு நினைவுகூரல் பொருத்தமாகும். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையிலிருந்தது. பஞ்சத்திலே அவன் பலரையும் ஊட்டினான். பின்னர் இந்திரன் மழையைப் பொழிவித்தான், நிலம் விளைந்தது, உண்பதற்கு எவரும் வரவில்லை. ஆபுத்திரன் அதனைத் தன் துயரமாகக் கொண்டு, முடிவில் அப்பாத்திரத்தை மணிபல்லவத்துப் பொய்கையிலே விட்டான். காப்பியம் இதனைச் சோகமாகவே சொல்கிறது. நாம் இதனை வேறுவகையாக வாசித்தல் கூடும். விளைந்த நிலமும் அதன் விளைச்சலில் உரிமையும் உள்ள மக்களுக்குப் பாத்திரம் தேவையில்லை. படுவான்கரை உழவனும் நாவலடி மீனவனும் கேட்பது அமுதசுரபியையன்று. மழையையும், அம்மழை பெய்யும் நிலத்தையும், அலை புரளும் கரையையுமே.